ஊமைக் கிடாரோடு கும்மிடிப்பூண்டி வரை

ஆடி முதல் ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் பஜனைக் குழுவின் கிடார் ஊமையாகிவிட்டது. பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயில் பந்தலில் பாட இரண்டு வருஷம் கேட்டு, இந்த ஆடியில்தான் இடம் கிடைத்திருந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. "பம்பை, உடுக்கைச் சத்தத்துல பொம்பளைங்க குரல் யாருக்குக் கேக்கும்? கரண்டு கிடார் இருந்தா வாங்க, இல்லன்னா வேற குழு காத்துக்கினு இருக்கு" என்று பந்தல்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் இந்தப் பயணம். நயா பைசா வந்த மறு வருஷம், வெள்ளிக்கிழமை காலையில், திருவள்ளூரிலிருந்து நானும் என் நாத்தனார் சரோஜாவும் கிளம்பினோம்.

கிடாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீணை மாதிரி மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிப்பது. கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பிச் சுருள். அதிலிருந்து வரும் ஒயரை ரேடியோவிலோ மைக் செட்டிலோ செருகினால் தெருமுனை வரை கேட்கும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதை முதலில் செய்தவர் கும்மிடிப்பூண்டி நமசிவாய ஆசாரி. ஒரு தை அமாவாசைக்கு எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் கடை போட்டு, பாட்டரி ரேடியோவில் செருகி வாசித்துக் காட்டினார். பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டம் பாதி அங்கேயே நின்றுவிட்டது. நானும் நின்றேன். பால் விற்ற காசில் வாங்கி, யாரிடமும் போகாமல் நானே இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வாங்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சுருள் மேல தண்ணி படக் கூடாதும்மா."

திருவள்ளூரில் காலை ஆறேகாலுக்கு வண்டி. நேராகச் சென்ட்ரல் வரை போக வேண்டாம். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கூடூர் பாசஞ்சரைப் பிடித்தால் போதும். மூன்றாம் வகுப்பு, கும்மிடிப்பூண்டி வரை ஆளுக்கு ஒரு ரூபாய் எழுபது நயா பைசா. கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து மைல். கிடாரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மேலே பலகையில் வைக்காதீர்கள், பேசின் பிரிட்ஜில் ஏறுகிற கருவாட்டுக் கூடைகளுக்குக் கண் கிடையாது.

டிக்கெட் பரிசோதகர் கம்பளியைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னாம்மா, தனியா லக்கேஜ் போட்ணுமா?"

"கொழந்த சார். தொண்ட கட்டிக்கிச்சு, வைத்தியர்கிட்ட இட்டுக்கினு போறோம். மூணு வயசுக்குள்ளதான்" என்றாள் சரோஜா.

அவர் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அத்திப்பட்டு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், காற்று முகத்தில் பிசுபிசுக்கும். பொன்னேரி வந்ததும் பச்சை வயல். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கே பிரித்தோம். பத்தே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி.

ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு ஜட்கா. "ஆசாரி பட்டறைக்குப் போகணும், கிடார் செய்வாரே" என்றேன். வண்டிக்காரர் சவுக்கைக் கீழே வைத்தார்.

"ஆசாரியா? அவரு பங்குனியிலயே பூட்டாரேம்மா! நெஞ்சு வலி. ஊருக்குத் தெரிஞ்ச விஷயம், உங்களுக்குத் தெரியாதா? அடுத்த வண்டிக்குத் திரும்பிப் போய்டுங்க. இன்னாத்துக்கு டப்பு வேஸ்ட் பண்ணிக்கினு?"

சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, பந்தல்காரருக்கு ஆள் அனுப்பிடலாமா?"

இரண்டு வருஷம் கேட்டு வாங்கிய இடம். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. அவர் கையால் செய்ததை வாசித்துத்தான் எங்கள் குழு பேர் வாங்கியது. போனவர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, துக்கம் விசாரிக்காமல் திரும்புவதா? "வண்டியை விடுங்க" என்றேன். நாற்பது நயா பைசா கேட்டார், முப்பதுக்கு வந்தார். ஒன்றரை மைல்.

துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு இறங்கினோம். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் பாடிக்கொண்டே ஒரு கையால் பெடலைச் சுற்றுகிறார், பின்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு சின்னக் கட்டை சுழல்கிறது, அதில் செம்புக் கம்பி ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் முக்காலியில் தொப்பி போட்ட ஒரு பாய் உட்கார்ந்திருக்கிறார், மடியில் எங்கள் கிடாரைப் போலவே ஒன்று. வெறும் கழுத்தோடு இருந்த அந்த அம்மாள்தான் ஆசாரியின் மனைவி கன்னியம்மா.

சரோஜா அழ ஆரம்பித்தாள். கன்னியம்மா கையை ஆட்டி அவளை நிறுத்தினார்.

"இரும்மா, கம்பி அறுந்துரும். ஒரு பாட்டு முடிஞ்சா ஒரு சுருள் முடியும். அப்பறம் ஒண்ணா அழலாம்."

பாட்டு முடிந்தது. அழுதோம். பிறகு அவரே கம்பளியைப் பார்த்து, "இன்னா ஆச்சு அதுக்கு?" என்றார். துக்கம் கேட்க வந்த இடத்தில் வேலை கேட்பதா என்று நான் தயங்க, அவர் திருப்புளியை எடுத்துவிட்டார். "மரம் அவரோட வேல. சுருள் எப்பவும் என் கைதான். கடையில அவரு பேசுவாரு, நான் இங்க சுத்திக்கினு இருப்பேன். குடும்மா."

மேல்தகட்டைக் கழற்றினார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"சந்தனம். குங்குமமும் இருக்கு. ஆயுத பூசையா?"

"ஆயுத பூஜை, வெள்ளிக்கிழமை, கிருத்திகை..." என்று இழுத்தேன். "தண்ணி படக் கூடாதுன்னுதான் சொன்னார். சந்தனம் தண்ணியா என்ன?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பழவேற்காட்டில் வலைநூல் வியாபாரம் செய்கிறவர். "உங்களுது பெருமாள் சந்தனமா தாயி? என்னுது தர்கா சந்தனக்கூட்டுச் சந்தனம். அதுக்கு மேல ரோஸ் வாட்டரு வேற தெளிச்சேன். பேஜாரு புடிச்சு ஒரு மாசமா மூலையில கெடந்துச்சு, நேத்துத்தான் புதுச் சுருள் போட்டாங்க!"

கன்னியம்மா சுவரைக் காட்டினார். ஆணிகளில் செத்த சுருள்கள் மாலை மாலையாகத் தொங்கின. "அது கவரப்பேட்டை, விபூதி. அது மாதா கோயில் எண்ணெ. எல்லா சாமியும் இந்தக் கம்பிக்குள்ள வந்துட்டுத்தான் போயிருக்காங்க. எங்க ஊட்டுக்காரரு 'வெக்காதீங்க, வெக்காதீங்க'ன்னு கத்தியே தொண்டையைப் போக்கினாரு. ஒருத்தர் கேட்டீங்களா? அவரு போனப்பறம் நான் யோசிச்சேன். இவங்க எங்கனா வெச்சே தீருவாங்க. அப்ப வெக்கறதுக்கு நாமளே ஒரு எடம் குடுத்துட்டா இன்னா?"

பாயின் கிடாரைத் திருப்பிக் காட்டினார். சுருளுக்கு மேல் பித்தளை மூடி, ஓரமெல்லாம் மெழுகால் அடைத்தது. மூடியின் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. "பொட்டு இங்க. ஒரு சொட்டு கீழ எறங்காது."

எங்களுடையதற்கும் அன்று மத்தியானமே புதுச் சுருள் சுற்றினார். மெழுகு இறுக ஒரு ராத்திரி ஆகும் என்று அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார். காலையில் பட்டறை ரேடியோவில் செருகினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். எனக்கு உயிரே போய்விட்டது. "பாட்டரி எறங்கிப்போச்சும்மா. சுருள் பேசுது, ரேடியோவுக்குத்தான் தெம்பில்ல. மைக் செட்ல போட்டுப் பாரு" என்றார் கன்னியம்மா. நம்புவதைத் தவிர வழியில்லை. சுருளுக்கும் மூடிக்கும் எட்டு ரூபாய். தங்கியதற்கும் சோற்றுக்கும் கொடுத்ததைத் தொடவே இல்லை.

துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் படியிறங்கினோம். பின்னாலிருந்து அவர் குரல்: "ஏம்மா, வேலைக்கு வந்தவங்கதானே நீங்க? வரேன்னு சொல்லிட்டே போங்க."

"வரோம்மா" என்றோம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரப்பேட்டைக்கு பஸ், அங்கிருந்து ஆரணி வழியாகப் பெரியபாளையத்துக்கு இன்னொன்று. இரண்டும் சேர்த்து ஆளுக்கு எண்பது நயா பைசா. இரண்டாவது பஸ் வருகிற நேரத்துக்குத்தான் வரும், சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. சனிக்கிழமை ராத்திரி சத்திரத்தில் தங்கினோம். ஞாயிறு காலை எங்கள் குழுப் பெண்கள் திருவள்ளூரிலிருந்து நேராக வந்து சேர்ந்தார்கள். ஆற்றங்கரை முழுக்க வேப்பிலை கட்டிக்கொண்ட ஜனம், பொங்கல் அடுப்புப் புகை, நான்கு பக்கமும் பம்பை.

பந்தல்காரர் கிடாரை ஒரு மாதிரி பார்த்தார். "சத்தம் வருமாம்மா?"

"வரும்" என்றேன். ஒயரை எடுத்து மைக் செட்காரர் கையில் கொடுத்தேன்.

பூசாரி குங்குமம் கொண்டுவந்தார். என் கை பழக்கத்தில் நேராகச் சுருள் பக்கம் போனது. சரோஜா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அண்ணி!" பிறகு மூடியைப் பார்த்துவிட்டு அவளே விட்டாள். குழிக்குள் வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. மைக் செட்காரர் ஒயரைச் செருக, இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஆற்றங்கரையில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். பம்பைக்காரர் ஒருவர் தானாகவே எங்கள் தாளத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் பாடினோம். இறங்கும்போது பந்தல்காரர், "அடுத்த வருஷமும் வந்துடுங்க, நிறுத்திடாதீங்க" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்தில் குடிதண்ணீர் கிடைப்பது கஷ்டம், கூஜாவோடு போங்கள். திரும்ப திருவள்ளூருக்குப் பதினேழு மைல், கடைசி பஸ்ஸை நம்பாமல் நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பழைய கிடார் வைத்திருப்பவர்கள் ஒரு பித்தளை மூடி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையை நீங்கள் தடுக்க முடியாது, என்னாலேயே முடியவில்லை.

இன்னொன்று. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி ஆசாரி பட்டறை என்று கேட்காதீர்கள். அவர் இல்லை என்று ஜட்காக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். கன்னியம்மா பட்டறை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே வழி சொல்லுங்கள்: ஒன்றரை மைல், முப்பது நயா பைசா, பாட்டு கேட்கும் வீடு.