காலராவுக்குப் பெண் கேட்ட கதை

லாக்சன் ம்பெவே பிறந்தபோது அவனை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் நீளமான குழந்தை என்றுதான் சொன்னார்கள். வளர வளர நீளம் கூடியது, சதை கூடவே இல்லை. வாலிபத்தில் அவன் தெருவில் நடந்து வந்தால் கையும் காலும் தனித்தனியாக வேறு வேறு ஊருக்குப் புறப்பட்டதுபோல இருக்கும். அந்த உடம்புதான் அவனுக்குச் சோறு போட்டது. அவன் கல்யாணத்துக்கு வேட்டு வைக்கப் பார்த்ததும் அதே உடம்புதான்.

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சிசோகோ ஊருக்கு மழை வருகிறதோ இல்லையோ, தொண்டு நிறுவனங்கள் தவறாமல் வந்துவிடும். வெள்ளை வண்டி வந்து மாமரத்தடியில் நிற்கும். அதிலிருந்து சுத்தமான சப்பாத்து போட்டவர்கள் இறங்கி ஒரு நோயைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு என்றால் நாலு ஆடுதான் வந்து நிற்கும். நாடகம் என்றால் ஊரே கூடும். இதைக் கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை எலுபே. அவர் ஒரு நாடகக் குழு சேர்த்தார். எந்த நிறுவனம் எந்த நோயோடு வந்தாலும் அதற்கு ஒரு நாடகம் அவரிடம் தயாராக இருக்கும்.

முதலில் வந்தது மலேரியா. கொசுவாக நடிக்க ஆள் வேண்டும். எலுபே டீச்சர் லாக்சனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். மறுநாளே குடைக்கம்பியை மூக்கில் கட்டிக்கொண்டு அவன் மேடை ஏறினான். கொசு அவ்வளவு தத்ரூபமாக இருந்ததில் ஊர்த் தலைவர் தன்னை மறந்து செருப்பைக் கழற்றி ஒரு போடு போட்டார். நடிகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு ஏது? லாக்சன் வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குப் போய் சந்தோஷத்தில் தூங்கவே இல்லை.

அதற்கப்புறம் காசநோய் வந்தது, அவனே இருமினான். குடற்புழு வந்தது, அவனே நெளிந்தான். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி ஒரு கல்வி நிறுவனம் வந்தது. அறியாமைக்கு என்ன உருவம் கொடுப்பது என்று எலுபே டீச்சர் அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் லாக்சனுக்குக் கொம்பு கட்டிவிட்டார். அவன் மேடையில் ஒரு சிறுமியின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கியதுதான் தாமதம், தாய்மார்கள் எழுந்து வந்து மொத்திவிட்டார்கள். அந்த வருஷம் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. அவனுக்கு ஒரு பல் போயிற்று.

இதெல்லாம் பரவாயில்லை. காலராதான் அவனைக் கவிழ்த்தது. முகமெல்லாம் மரவள்ளி மாவு பூசி, கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு வருவான். மூடாத குடத்தில் விரலை விட்டு நக்குவான். பிறகு சிரிப்பான். அந்தச் சிரிப்பை எங்கே பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது. கேட்டவர்களுக்கு வயிறு அப்போதே கலக்கிவிடும். மேடையில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லாரும் உருண்டு புரண்டு விழுவார்கள்.

நாடகம் அபார வெற்றி. லாக்சன் தெருவில் தலை காட்டினால் போதும், பெண்கள் ஓடிப்போய்க் குடத்தை மூடினார்கள், பிள்ளைகளை இழுத்துச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டார்கள். நிறுவனத்துக்காரர்கள் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்து, படம் பிடித்து, பூரித்துப் போனார்கள். அவன் தெருமுனை திரும்பியதும் மூடிகள் இறங்கியதை அவர்கள் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் புத்திசாலிகள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தி போன வழி இருக்கிறதே! காலரா என்பது ஒரு ஆள், அவன் பேர் லாக்சன், கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறான். அவன் வராத நேரத்தில் மூடி எதற்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவனை யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. எல்லாரும் ஒரே தட்டில் கைபோட்டு சிமா என்கிற மக்காச்சோளக் களியைப் பிட்டுத் தின்கிற ஊர் இது. காலராவோடு யார் கைபோடுவார்கள்? சிற்றுந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். காலை நீட்டிக்கொள்ளலாம் என்று முதலில் அவனும் சந்தோஷப்பட்டான். பிள்ளைகள் அடம் பிடித்தால், சாப்பிடு, இல்லாட்டி லாக்சனைக் கூப்பிடுவேன் என்று தாய்மார்கள் மிரட்டினார்கள். ஒருதரம் அவனுக்கே மலேரியா வந்து மருத்துவமனைக்குப் போனான். கொசுவைக் கொசு கடித்ததா என்று கேட்டுச் செவிலி விழுந்து விழுந்து சிரித்தாள். ஊசி போட்டபோதும் சிரித்துக்கொண்டே இருந்ததால் அது சரியான இடத்தில் இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் அவனுக்குக் காதல் வந்தது. சந்தையில் மாவு உருண்டை பொரித்து விற்கிற எனெலெசி மேல். அவள் கடைப் பக்கம் போனால் வாடிக்கையாளர்கள் கலைந்துவிடுவார்கள் என்று அவன் தெருவுக்கு எதிர்ப்பக்கமே நின்று எத்தனை வேண்டும் என்று விரலைக் காட்டுவான். அவள் உருண்டையைத் தாளில் சுற்றி வீசுவாள். அந்த நீளக் கை ஆகாயத்திலேயே அதைப் பிடித்துவிடும். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வியாபாரம் முடிந்து சந்தை காலியான பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது. சில நாள் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் அவன் வாசலில் நின்று இளைப்பாறுவாள். அவன் நோயாக நடித்ததைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அதிலேயே அவன் சொக்கிப்போனான்.

பெண் கேட்க அவனுடைய மாமன் போனார். முறைப்படி, உங்கள் முற்றத்தில் ஒரு கோழி மேய்வதாகக் கேள்விப்பட்டோம், எங்கள் சேவல் அதை நினைத்துக் கூவுகிறது என்று ஆரம்பித்தார். எனெலெசியின் தாய்மாமன் கடமஞ்சா, ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். மருமகள் கல்யாணத்தில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"எந்தச் சேவல்னு தெரியுங்க," என்றார் கடமஞ்சா. "அது தெருவுல வந்தாலே எங்க வீட்டுப் பொம்பளைங்க சோப்பத் தேடுறாங்க. காலராவுக்குப் பொண்ணு குடுத்தவன்னு என் பொணத்த வெச்சுக்கிட்டுப் பேசுவாங்க."

வந்த மாமன் கெஞ்சினார், கூத்தாடினார். பையன் தங்கமானவன், நோயெல்லாம் வெறும் வேஷம் என்றார். கடமஞ்சா நெடுநேரம் தாடையைத் தேய்த்தார்.

"சரி. ஊரு முன்னால ஒரே ஒரு தடவை நல்லவனா நடிச்சுக் காட்டட்டும். ஊரு நம்புச்சுன்னா நானும் நம்புறேன். நம்பலைன்னா பக்கத்து ஊரு தையல்காரனுக்குப் பேசி முடிச்சுருவேன்."

நல்லவனாக நடிக்க எந்த நாடகம் இருக்கிறது? எலுபே டீச்சரிடம் இருந்ததெல்லாம் நோய்கள். அந்தச் சமயத்தில் வேறொரு நிறுவனம் பழைய மக்காச்சோளக் கிடங்கில் ஒரு படிப்பகம் திறந்தது. உங்கள் மொழியில் நீங்களே நாடகம் எழுதுங்கள், திறப்பு விழாவில் மேடை ஏற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். அவர்களுக்கு நோயே இல்லை, இலக்கியம் மட்டும்தான். ஊரார் அவர்களைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்கள்.

லாக்சன் எழுத உட்கார்ந்தான். நாடகத்தின் பேர் 'நல்ல மனுஷன்'. கதை சின்னது. தாகத்தோடு வருகிற ஒரு வழிப்போக்கிக்கு ஒருவன் தண்ணீர் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த நல்லவன் எவ்வளவு நல்லவன் என்பதை எழுதி எழுதி மூன்று காட்சிக்கு இழுத்துவிட்டான். எலுபே டீச்சர் படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கப்பா," என்றார். "ஆனா அந்தச் சிரிப்ப மட்டும் சிரிச்சுராத."

திறப்பு விழா அன்று கடமஞ்சா முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனெலெசி பெண்கள் பக்கத்தில் இருந்தாள். லாக்சன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் தண்ணீர்க் கூஜாவோடு மேடைக்கு வந்தான். பிள்ளைகள் வீறிட்டார்கள். இந்தத் தடவை வேஷம் மாற்றி வந்திருக்கிறான், ஜாக்கிரதை என்று பின்னாலிருந்து ஒருவர் எச்சரித்தார். அவன் கனிவாகப் பேசப் பேச ஜனங்களுக்குப் பயம் கூடியது. இவ்வளவு இனிமையாகப் பேசுகிற நோய் எவ்வளவு பெரிய நோயாக இருக்கும்!

வழிப்போக்கியாக நடித்த பெண் தள்ளாடி வந்து தண்ணீர் கேட்டாள். அவன் கோப்பையில் ஊற்றி நீட்டினான். முன்வரிசைக் கிழவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அடி பொண்ணே, குடிக்காத. அவன் யாருன்னு உனக்குத் தெரியல."

கிழவியைச் சமாதானப்படுத்த லாக்சன் அன்பாக ஒரு புன்னகை செய்யப் பார்த்தான். பழக்க தோஷம். வாயிலிருந்து அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

நடிகையே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினாள். ஊர் கத்தியது. படிப்பகத்துக்காரர்கள் இதை ஏதோ உயர்ந்த கலை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கடமஞ்சா எழுந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தையல்காரன் வீட்டுக்கு எந்தப் பாதையில் போவது என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. லாக்சன் கோப்பையை நீட்டியபடியே நின்றான். வசனம் மறந்துவிட்டது. அவன் கண்ணில் நீர் முட்டியதைக்கூட ஜனங்கள் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது எனெலெசி எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறி, அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

அவள் உருளப் போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்ணிட்ட?" என்றார் கடமஞ்சா. "அது என்ன தண்ணின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. கொதிக்க வெச்சு ஆத்துன தண்ணி. நாடகத்துல சொன்னதெல்லாம் கேட்டு நடக்குற வீடு இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது இவரு வீடு. வாசல்ல நின்னப்ப நானே பாத்திருக்கேன். நம்ம வீட்டுக் கொடத்துக்கு இப்ப மூடி இருக்குதா?"

கடமஞ்சா தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். பின்வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் ஓசைப்படாமல் எழுந்து வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்கள். இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் தேறியது நோயாக நடித்தவன் ஒருவன்தானா என்று எலுபே டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடமஞ்சா மெதுவாக மேடைப் படி ஏறினார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மருமகள் கையிலிருந்த கோப்பையை வாங்கி லாக்சன் முன்னால் நீட்டினார்.

"எனக்கும் ஒரு கோப்பை ஊத்துங்க மாப்பிள்ள."

லாக்சன் கூஜாவை அவசரமாகச் சாய்த்தான். பாதித் தண்ணீர் கடமஞ்சாவின் சட்டையில் கொட்டியது. மீதியை அவர் ஊர் பார்க்க ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.