எந்தக் கிணறு என்று கேட்டவர்

சென்ற மாதம் ஒரு காலையில் அர்ச்சுனன் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் வருவதில்லை. அதனால் அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"வாத்தியாருங்க, மச்சான் போயிட்டாருங்க. வெடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. டாக்டரு வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு."

என்னோடு ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் பூகோளம் கற்பித்த நண்பர் கதிர்வேல் மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அர்ச்சுனன் அவருடைய தங்கை ருக்மணியின் கணவர். அர்ச்சுனன் சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் அவர் சொன்ன 'மச்சான்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு சொல்லை அர்ச்சுனன் சொல்ல முடியாமலே போயிருக்கக் கூடும். 'அண்ணன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஊர் கூடி முடிவு கட்ட இருந்தது. அதைத் தடுத்தவர் கதிர்வேல். அவரை அறிந்த நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்தக் கதையை எழுதி வைப்பதே நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று தோன்றுகிறது.

அவரிடம் படித்தவர்கள் மக்கள் அடர்த்திப் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேரை உட்கார வைப்பார். பக்கத்துப் பெஞ்சில் ஒருவனை மட்டும் விடுவார். நெரிசலில் இருப்பவர்கள் முனகத் தொடங்கியதும், "இது கங்கைச் சமவெளி. அங்க ஒத்தையா ஒக்காந்திருக்கறவன் ராஜஸ்தான் பாலைவனம். ஏன் கண்ணு பாலைவனம், தனியா ஒக்காந்திருக்கறது சௌகரியமா இருக்குதா?" என்று கேட்பார். அந்தப் பையன், "பேச்சுத் துணைக்கு ஆளில்லீங்க சார்" என்றால் வகுப்பே சிரிக்கும். "எங்க கூட்டமும் அப்படித்தானுங்க" என்று என்னிடம் ஓய்வறையில் வந்து சொல்வார்.

கூட்டம் என்பது எங்கள் பக்கத்தில் குடும்ப வழியைக் குறிக்கும் பெயர். தந்தை வழியில் பிள்ளைகளுக்கு வரும். பெண் திருமணமானதும் கணவனுடைய கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அதாவது அண்ணன் தம்பி, அக்காள் தங்கை முறை. அவர்களுக்குள் திருமணம் கிடையாது. சில கூட்டங்களில் ஊருக்கு ஊர் ஆட்கள் இருப்பார்கள். கதிர்வேலின் கூட்டமோ யாரும் கேள்விப்படாதது. அதன் பெயர் உப்புக்கிணற்றுக் கூட்டம். குன்னத்தூர்ப் பக்கமிருந்து நெசவுக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். "எங்க கூட்டம் மொத்தமும் ஒரே பஸ்ஸுல ஏறிக்கலாமுங்க. கண்டக்டருக்கு நிக்க எடம் மிச்சமிருக்கும்" என்பார்.

அறுபத்தொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். கதிர்வேலுக்கும் எனக்கும் அடுத்தடுத்த தெருக்கள். அரசாங்கம் கூட்டத்தைக் கேட்கவில்லை, அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. கதிர்வேல் கேட்டார். பேர், வயது, தொழில் எல்லாம் எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிய பிறகு, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்பார். தறிச் சத்தத்தில் அவர்கள் கத்திச் சொல்வார்கள். மாலையில் என்னிடம் வந்து, "இன்னிக்கும் எங்காளு ஒருத்தனும் சிக்கலீங்க" என்று சிரிப்பார். மற்ற வட்டாரங்களுக்குப் போன ஆசிரியர்களையும் விசாரித்தார். யாரும் அந்தப் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

அவருடைய தந்தை மாரப்பருக்கு இது குறையாகப் படவில்லை. அவரிடம் ஒரு கதை இருந்தது. அவர்களுடைய முன்னோர் ஒருவர் பழனிக்கு நடந்து போகும் வழியில் தாகத்துக்குக் கிணறு தோண்டினாராம். தண்ணீர் உப்புக் கரித்தது. அன்றைக்குக் கனவில் முருகன் வந்து, 'இந்த உப்பு உன்னுடையது, உன் பிள்ளைகளுக்கு இதுவே பேர்' என்றாராம். "ஒலகத்துல உப்புக்கெணறு ஒண்ணே ஒண்ணு. அந்தப் பேரு சொல்றவன் எவனா இருந்தாலும் அந்த மனுசனோட ரத்தம்" என்று மாரப்பர் விசேஷ வீடுகளில் உரக்கச் சொல்வார். கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

அவர்கள் வீட்டு விருந்தில் ஒரு விநோதம் உண்டு. இலையில் உப்பு வைக்க மாட்டார்கள். முதல் முறை சாப்பிட்டபோது மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் கேட்டேன். பரிமாறிய ருக்மணி அண்ணனைப் பார்த்தாள். கதிர்வேல் சொன்னார்: "ஊர்ல அந்தக் காலத்துல கேலி பேசுவாங்களாமுங்க. உங்களுக்கெதுக்குடா உப்பு, தண்ணியக் குடிச்சாப் போதுமேன்னு. அந்த ரோசத்துல நிறுத்தினது. வர்ற மருமகளுக்கெல்லாம் மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறது. உங்களுக்கு வேணும்னா அடுப்படியில இருந்து தரச் சொல்றனுங்க." வேண்டாம் என்றேன்.

அறுபதுகளின் நடுவில் ருக்மணிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அர்ச்சுனன் கணியூரிலிருந்து வந்து இங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் பிட்டராக இருந்தார். நல்ல பையன். ருக்மணிக்கும் பிடித்திருந்தது என்பது, அந்த வாரம் அவள் தறியில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது என்று கதிர்வேலின் மனைவி சொன்னார். ஜாதகம் பார்த்தார்கள், சம்பளம் விசாரித்தார்கள், பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கம்பெனி வாசல் டீக்கடையில் கேட்டார்கள். கூட்டத்தை மட்டும் கேட்கவில்லை.

எந்தக் குடும்பமும் செய்யாத தவறு இது. உப்புக்கிணற்றார் செய்தார்கள். தங்கள் பெயர் இன்னொருவருக்கு இருக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. அந்தப் பக்கத்திலும் அதே நினைப்புத்தான். திருப்பூரில் எல்லோரும் அவர்களைக் 'கணியூர்க்காரர்' என்றே அழைத்ததால் வெளியாட்களுக்கும் தெரியவில்லை.

நிச்சயத் தாம்பூலம் மாற்றும்போது சமூகத் தலைவரான பெரியதனக்காரர் இரண்டு வீட்டுக் கூட்டத்தையும் சபையில் சொல்லச் சொல்வார். அது சடங்கு. பெண் வீட்டார் சொன்னார்கள். அடுத்து அர்ச்சுனனின் பெரியப்பா எழுந்து, "உப்புக்கெணத்துக் கூட்டமுங்க" என்றார். தாம்பூலத் தட்டைப் பிடித்திருந்த மாரப்பர் அதை அப்படியே கீழே வைத்தார்.

"பங்காளிக்கா பொண்ணக் குடுக்கறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மாப்பிள்ளை பொண்ணுக்கு அண்ணன் மொறையாகோணும்" என்று இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள். ருக்மணி உள்ளே போய்விட்டாள். பெரியதனக்காரர் மாரப்பரைப் பார்த்து, "அந்தப் பேரு சொல்றவனெல்லாம் ஒரே ரத்தம்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றார்.

கதிர்வேல்தான் எழுந்தார். பதற்றமே இல்லை. "எனக்கு ஒரு மாசம் குடுங்க. பங்காளியா இருந்தா நானே இந்தப் பையனுக்கு வேற பொண்ணு பாத்துக் குடுக்கறனுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் கணியூர் போனோம். வழியில் அவர் எனக்குச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "பெரிய கூட்டத்துக்காரங்க ரெண்டு பேரு சந்திச்சா, நீங்க எந்த ஊருன்னு கேக்கறாங்க. சின்னக் கூட்டத்துக்காரங்க சந்திச்சா ஒடனே கட்டிப் புடிச்சு அண்ணன் தம்பி ஆயிர்றாங்க. ஆளு கொறைவா இருக்கறதுக்கும் ஒறவா இருக்கறதுக்கும் என்னுங்க சம்பந்தம்? நம்ம பள்ளிக்கூடத்துல நெட்டை மணி ஒருத்தன் இருக்கான். குன்னத்தூர்ப் பள்ளிக்கூடத்துலயும் ஒரு நெட்டை மணி இருக்கான். ஒரே அம்மா பெத்ததா?"

கணியூரில் பெரியப்பா எங்களை அமராவதி வாய்க்காலைத் தாண்டி அழைத்துப் போனார். சுற்றிலும் நெல் வயல். நடுவில் ஒரு பழைய கிணறு. கதிர்வேல் படியிறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"உப்பேதானுங்க" என்றார்.

"சுத்தி அத்தனையும் நல்ல தண்ணி. இது ஒண்ணுதான் இப்படி. அதனால ஊரு எங்களுக்கு இந்தப் பேரு வெச்சுருச்சு" என்றார் பெரியப்பா. முருகன் கனவெல்லாம் இல்லை. குன்னத்தூர் என்ற பேச்சே அவர்கள் வீட்டில் எழுந்ததில்லை.

மத்தியானம் இலை போட்டார்கள். பெரியப்பாவின் மருமகள் வந்து இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைத்தார். அடுத்துப் பொரியலுக்குப் போனார். கதிர்வேல் அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "வந்த வேலை முடிஞ்சுதுங்க, சாப்புடுங்க" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. குன்னத்தூரில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் அவருடைய பங்காளிகள் யார் வீட்டிலும் இலையில் உப்பு விழாது. இந்த வீட்டில் முதலில் விழுந்ததே உப்பு.

ஆனால் உண்மையான சிக்கல் கணியூரில் இல்லை, வீட்டில் இருந்தது. சபையில் மாரப்பர் தன் கதையை விட்டுக்கொடுக்க வேண்டும். அன்று மாலை நானும் உடனிருந்தேன்.

"எம்பட கெணத்தப் பொய்யின்னு சொல்லச் சொல்றயா?" என்றார் மாரப்பர்.

"பொய்யின்னு சொல்ல வேண்டாங்கப்பா. ஒண்ணே ஒண்ணுன்னு சொல்ல வேண்டாம். அது போதுமுங்க."

"அந்த 'ஒண்ணே ஒண்ணு' போனா அப்பறம் கதையில என்ன இருக்குது?"

உள்ளே ருக்மணியின் தறி ஓடாமல் இருந்தது. கதிர்வேல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ருக்மணி இருக்கறாளுங்க" என்றார். மாரப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மீண்டும் சபை கூடியது. பெரியதனக்காரர் முதல் கேள்வியையே மாரப்பரிடம் கேட்டார். "ஒலகத்துல உப்புக்கெணறு ஒண்ணே ஒண்ணுதானா?"

மாரப்பர் எழுந்தார். "கணியூர்ல எம்பையன் இன்னொண்ணக் குடிச்சுப் பாத்துட்டு வந்திருக்கானுங்க. அவன் வாத்தியாரு. வாயில கரிச்சாக் கரிச்சுதுன்னுதான் சொல்லுவான். எங்க கெணறு முருகன் குடுத்தது. அவங்க கெணறு அவங்களுது." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று அறிந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கதிர்வேல் இலையில் உப்பு விழுந்த கதையைச் சொன்னார். பெரியதனக்காரர் அதை ரசித்தாலும், "சோத்துப் பழக்கம் ஊருக்கு ஊரு மாறுமப்பா" என்றார். பிறகு கணியூர்ப் பெரியப்பாவிடம் திரும்பினார்.

"உங்க ஊட்டுல எழவு உழுந்தா இவங்களுக்குச் சொல்லி உடுவீங்களா?"

"இவங்க இருக்கறதே இப்பத்தானுங்க தெரியும்."

"மாரப்பரே, உங்க அப்பன் பாட்டன் காலத்துல கணியூர்ச் சாவுக்குத் தீட்டுக் காத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"சாவுக்குத் தீட்டுக் காக்காதவன் எப்படிப் பங்காளி ஆவான்? தட்ட மாத்துங்க." அதோடு அவர் ஒரு நிபந்தனையும் போட்டார். "ஆனா ஒண்ணு. இன்னிக்குச் சம்பந்தின்னு ஆயிட்டா கடைசி வரைக்கும் சம்பந்திதான். நாளைக்கு எழவு உழுந்தா, ஒரே பேருதானேன்னு தீட்டுக் காக்க ஒக்காரப்படாது. சம்பந்தி மொறையில கோடித் துணி எடுத்துட்டு வரோணும்."

திருமணம் சிறப்பாக நடந்தது. பந்தியில் கதிர்வேல் எல்லோரிடமும் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டு நடந்தார்: "கல்யாணம் ஆகியும் கூட்டம் மாறாத ஒரே பொண்ணு எந்தங்கச்சிதானுங்க. கெணறு மாறிச்சு, பேரு மாறலே." ருக்மணி அவரை முறைத்தாள். ஆனால் அந்த முறைப்பில் கோபம் இல்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் நாங்கள் போனோம். ருக்மணியின் வீடு கதிர்வேலின் வட்டாரத்தில் வந்தது. அவளுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை. படிவத்தை முடித்துப் பேனாவைச் செருகிக்கொண்டு, வழக்கம்போல, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று தங்கையிடமே கேட்டாராம். "உப்புக்கெணறுங்க" என்றாளாம் அவளும் விடாமல். "எந்தக் கெணறுங்க?" என்று இவர் கேட்க, "குடிக்க ஆகாத கெணறு" என்று சொல்லிக் காப்பி கொடுத்தாளாம்.

சென்ற மாதம் கதிர்வேல் வீட்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். மாரப்பரும் பெரியதனக்காரரும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. குன்னத்தூர்ப் பங்காளிகள் வந்து உள்ளே தீட்டு முறைக்கு உட்கார்ந்தார்கள். அவர் சொன்னது சரிதான், எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். சற்றுப் பொறுத்துத் தெருமுனையில் மேளம் கேட்டது. அர்ச்சுனன் முன்னால் வந்தார். தட்டில், இறந்தவர்மேல் சம்பந்திகள் போர்த்தும் புதுக் கோடித் துணி. பின்னால் கணியூர்க்காரர்கள்.

வெளியூரிலிருந்து வந்து என் அருகில் உட்கார்ந்திருந்த ஒருவர் முறை விசாரித்தார். "கோடி கொண்டு வர்றது என்ன கூட்டமுங்க?"

"உப்புக்கெணத்துக் கூட்டம்."

"போயிட்டவரு?"

"அவரும் உப்புக்கெணறுதானுங்க."

அவர் குழம்பிப்போய், "அதெப்படிங்க, பங்காளி கோடி போடுவானா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், எங்களைக் கடந்துகொண்டிருந்த அர்ச்சுனன் காதில் அது விழுந்துவிட்டது. நடை நிற்காமலே திரும்பி, "அது வேற கெணறுங்க" என்று சொல்லிவிட்டு, தன் மச்சானுக்குக் கோடி போடப் போனார்.

கதிர்வேலிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை யாராவது ஒன்றாகக் கட்டிப் பேசினால் நான் தலையாட்டுவதில்லை. எந்தக் கிணறு என்று கேட்கிறேன்.