ஜப்பான் சிப்பாயின் கதை சொன்ன சனிக்கிழமை

லண்டனில், மிச்சம் பகுதி ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் நேற்று, முன்பொருமுறை வாசித்த அந்த ஜப்பானிய நாவல் கிடந்தது. விரித்து மணந்து பார்த்தேன். (வீட்டில் இதற்கு ஏச்சு வாங்குகிறவன் நான்.) பழைய தாள் மணம்தான். எனக்கென்னவோ கருவாடு மணத்தது.

அப்போதெல்லாம் அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். கீழே கருவாடு, மேலே உலக இலக்கியம். ஒருவர் ஆங்கிலத்தில் வாசித்து வந்து மற்றவர்களுக்குத் தமிழில் கதை சொல்ல வேண்டும். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டே என்னைப் பெரிய விமர்சகனாக எண்ணியிருந்த காலம் அது. போருக்குப் பிறகு ஜப்பானியச் சிப்பாய்களைப் பற்றி வந்த நாவல்களில் எனக்கு ஒரு பித்து. அவற்றில் வீரம் கிடையாது. பசி, பேன், வயிற்றோட்டம், தப்பிப் பிழைத்த வெட்கம், இவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை இந்த நாவலின் கதையைச் சொன்னேன். அதில் பின்வாங்கும் சிப்பாய் ஒருவன் காயப்பட்ட நண்பனிடம் தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பவில்லை.

மலேசியாவிலிருந்து வந்த கணக்காளர் அமுதா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க தாத்தாவ சயாம் ரயில்பாதை போட இழுத்துக்கிட்டுப் போனவனுங்க இந்த ஜப்பான்காரனுங்க. இவனுக்காக நான் அழணுமா?"

நியாயமான கேள்வி. மூலையிலிருந்து நந்தன் பேசினான். வன்னியில் போராளியாக இருந்தவன், வட்டத்தில் வாயே திறக்காதவன்.

"அழ வேண்டாம் அக்கா. நானும் அப்பிடித்தான், தண்ணி கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். செல்வனுக்கு."

செல்வன் அவனுடைய தோழன். காணாமற்போனவன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். செல்வனின் தாய் மிச்சம் பகுதியில் நகரசபை கொடுத்த ஒரு கவுன்சில் வீட்டில் தனியாக இருந்தார்.

அமுதா அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஏலாது அக்கா. நான் போனால் கதவைத் திறந்து முதல்ல எனக்குப் பின்னாலதான் பாக்கிறா, அவனும் வந்திருக்கிறானோ எண்டு."

பிறகு யாரும் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. நாவலில் அந்தச் சிப்பாய் கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். நந்தன் செல்வனின் தாயிடம் சொல்லவில்லை. அவருக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தான், ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனான். "நந்தன் வந்திட்டான், என்ர பிள்ளையும் வருவான்" என்று அவர் கடையில் நின்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

வட்டம் கலைந்துவிட்டது. அந்த மேல்மாடியில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். போன மாரிக் குளிரில் தாயும் போய்விட்டார். "கொள்ளி வைக்க ஆர் நிக்கிறது?" என்று ஐயர் கேட்டபோது நந்தன்தான் முன்னே வந்தான். பெட்டி தகன அடுப்புக்குள் போய் மறையும்வரை தலை நிமிரவில்லை.

செல்வன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புவதற்கு இனி ஒருவரும் இல்லை.