அக்கா கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலக் கல்லூரி ஒன்றில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் அணியில் ஆடிய கோல்பி ரென்ஃப்ரோவின் எடை நூற்று நாற்பது கிலோ. மூன்று வருடத்தில் அவன் பந்தைத் தொட்டதே இல்லை. பந்து வைத்திருப்பவன்மேல் பாய வருகிறவர்களை நெஞ்சால் மறிப்பதுதான் அவன் செய்தது. அதை வேலை என்று சொல்லக் கூடாது, படிப்போடு சேர்ந்த விளையாட்டு என்று கல்லூரி சொல்லிவந்தது. கோல்பியும் நம்பினான். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற சுபாவம் அவனுக்கு.

ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் கோச் ஹட்சின்ஸ் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்டா. அப்பனுக்கு எதிரா பிள்ளைங்க சங்கம் வைப்பாங்களா?"

கோல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சங்கம் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். குடும்பம் என்றதும் அக்கா ஞாபகம் வர, கூட்டம் கலைந்ததும் கோச்சிடம் போனான்.

"கோச், அடுத்த சனிக்கிழமை எங்க அக்காவுக்குக் கல்யாணம். ஒரு நாள் லீவு வேணும்."

"சனிக்கிழமை மேட்ச் இருக்கு. ஃபுட்பால் சீசன்ல எவன்டா கல்யாணம் வைப்பான்? வேலைன்னு வந்துட்டா அக்கா என்ன, தங்கச்சி என்ன? நீ வரலேன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"சரி கோச்."

சங்கம் ஜெயித்தது. தானும் அதற்குத்தான் ஓட்டுப்போட்டதாகக் கோல்பியே வந்து சொன்னபோது கோச் ஆடிப்போனார்.

"நீயுமாடா? யார்டா உன் மனசைக் கெடுத்தது? அந்தச் சங்கத்து வக்கீல் பசங்களா?"

"இல்ல கோச், நீங்கதான். இது வேலைன்னு நீங்க சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."