அப்பா என்கிற புரதம்

என் தங்கை மைசூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறாள். மனச்சோர்வுக்கு மாத்திரையும் சாப்பிடுகிறாள். போன தடவை அம்மா சொன்னாள் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு, வாரக்கணக்கில் அறையின் திரைச்சீலையைக்கூட விலக்காமல் படுத்திருந்தாள். இப்போது அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கியதும், அம்மாவும் மறுபடி தொடங்கினாள்.

“நன்னாதானே இருக்கே? இன்னும் எதுக்குடி அந்த மாத்திரை?”

“அதைச் சாப்பிடறதாலதாம்மா நன்னா இருக்கேன்.”

“உள்ளே போய் அப்படி என்னதான் பண்றது அது?”

தங்கை சாப்பாட்டு மேஜையில் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இருவரும் நரம்பு செல்கள். மேஜை, நடுவில் உள்ள இடைவெளி. மைசூர்பாகு, செல்லிலிருந்து செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் செரடோனின். அம்மா தள்ள வேண்டும், இவள் வாங்கிக்கொள்வாள்.

முதல் துண்டு பாதி மேஜையைத் தாண்டவில்லை. அம்மாவின் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நீண்டது. துண்டு பேப்பருக்குப் பின்னால் மறைந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி.

“ஏன்னா! சுகர் இருக்கறது ஞாபகம் இருக்கா, இல்லையா?”

“சும்னே ருசி பார்த்தேன், அஷ்டே. அவ்வளவுதான்” என்றார் அப்பா, மைசூர்க் கன்னடம் கலந்து.

“அவரை விடும்மா, அவர்தான் புரதம்” என்றாள் தங்கை. “அனுப்பற செல் பக்கத்துலயே ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும். அனுப்பினதைத் திருப்பி உள்ளே இழுத்துக்கும்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கு.”

இரண்டாவது துண்டும் போயிற்று. புரதம் என்ற பதவி கிடைத்த பிறகு அப்பா பேப்பரை மறைப்பாகக்கூடப் பிடிக்கவில்லை.

“சரி, மாத்திரை எங்கே வரது?”

“அவர் கையைப் பிடிச்சுக்கோ. அதான் மாத்திரை.”

அம்மா பிடித்துக்கொண்டாள். மூன்றாவது துண்டு பத்திரமாக எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தது.

நிஜத்தில் இத்தனை சுலபமில்லை, மாத்திரை வேலை செய்ய ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதே இன்னும் முழுதாகத் தெரியாது என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதைக் கேட்கவில்லை. பிடியை லேசாகத் தளர்த்திப் பார்த்தாள். அப்பாவின் கை டப்பாவை நோக்கிப் போனது. மறுபடி இறுக்கினாள்.

“விட்ட உடனே ஆரம்பிச்சுடறாரேடி!”

“அதான், டாக்டர் சொல்றவரைக்கும் விடக் கூடாதுங்கறேன்.”

அம்மா அதன்பிறகு நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் காபி கலக்கும்போதே தங்கையின் அறைப்பக்கம் குரல் கொடுக்கிறாள்:

“ஏண்டி, அப்பா கையைப் பிடிச்சாச்சா?”

“ஆச்சும்மா” என்று அறையிலிருந்து பதில் வருகிறது.

“நான் எதையும் தொடலையே!” என்று கூடத்திலிருந்தும் வருகிறது.