சோளப் பாகு டொபியும் எங்க வீட்டுக்காரரும்

இன்னிக்கு ராகலை டவுன்ல, நாங்க நானான்னு கூப்புடுற முஸ்லிம் அண்ணன் கடை வாசல்ல நின்னு, நான் ஒட்டுன லேபிள நானே கிழிச்சேன்!

கடைக்கு வந்தவங்க எல்லாம் ஒரு மாதிரியா பார்த்தாங்க. (பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. பரவால்ல.)

விஷயத்த சொல்றேன்.

நான் வீட்டுல பால் டொபி செஞ்சு டவுன் கடைகளுக்குப் போடுறது உங்க நிறைய பேருக்குத் தெரியும். டின்ல வர்ற கெட்டிப்பால், அதான் டின்பால், சீனி, கொஞ்சம் கஜு (முந்திரிப் பருப்பு). அவ்வளவுதான்.

சீனி வெல ஏற ஏற டொபி சின்னதாகிட்டே வந்துச்சு. கடைசியில ஒரு பொம்பளப் புள்ள கேட்டுட்டா, "அக்கா, இது டொபியா, மாத்திரையா?"

அப்பதான் ஹட்டன்ல இருந்து ஒரு சேல்ஸ்மேன் தம்பி வந்தாரு. கையில ஒரு கேன். உள்ள தண்ணி கலர்ல, தேன் மாதிரி கெட்டியா ஒரு பாகு.

"அக்கா, இது சோளத்துல எடுத்தது. பெரிய கம்பெனிக்காரங்க பிஸ்கட், ஜூஸ் எல்லாத்துலயும் இததான் போடுறாங்க. சீனிய விட வெல குறைவு."

"சீனி இல்லையா தம்பி இதுல?"

"சோளம்க்கா!"

எனக்கு மனசுல லைட் எரிஞ்சிருச்சு. ஏன்னா எங்க வீட்டுக்காரருக்குப் பதினொரு வருஷமா சீனி வியாதி. தேயிலை பெக்டரியில வேலை. வீடு முழுக்க டொபி வாசம் அடிக்கும், மனுசன் ஒரு துண்டு தொட மாட்டாரு. சட்டிய வழிச்சு நக்குற புள்ளைங்கள பார்த்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாரு.

சீனிய முழுசா நிப்பாட்டி, டின்பாலும் சோளப் பாகும் வச்சு கிண்டினேன். வில்லை போட முடியல! பால் டொபி மாதிரி பொரபொரன்னு உடையல, இழுக்க இழுக்க வருது. சரின்னு உருட்டி பேப்பர்ல சுத்துனேன். ருசி? சும்மா சொல்லக் கூடாது, அருமை!

முதல் டொபிய அவருக்குத்தான் குடுத்தேன்.

"சீனி இல்லைங்க. சோளம்."

என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. வாயில போட்டாரு. கண்ண மூடிட்டாரு. அன்னையில இருந்து தினமும் பிளேன்டீயோட ரெண்டு.

நானா கடையில குடுத்தப்ப அவரு சொன்னாரு, "தங்கச்சி, சீனி இல்லாத டொபின்னு ஒட்டு. இந்த ஊருல சீனி வருத்தம் இல்லாத வீடு ஏது? சும்மா பறக்கும்!"

ஒட்டுனேன். பறந்துச்சு.

போன செவ்வாக்கெழம எங்க வீட்டுக்காரருக்கு நுவரெலியால கிளினிக். ரிப்போர்ட்ட பார்த்த டொக்டர் கண்ணாடிய கழட்டி வச்சிட்டாங்க.

"மொனவத கேவே?" என்னத்த சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்க.

அவரு குனிஞ்சு தரைய பார்த்தாரு. நான்தான் முந்திக்கிட்டு, "சீனி ஒண்ணுமே குடுக்கல மிஸ், சோளப் பாகுல செஞ்ச டொபி மட்டும்தான்"னு பெருமையா சொன்னேன்.

பக்கத்துல இருந்த தமிழ் நர்ஸ் டொக்டருக்கு அத சிங்களத்துல சொல்லிட்டு, என் பக்கம் திரும்புனாங்க.

"அக்கா, சோளப் பாகும் சக்கரைதான். கரும்புல இருந்து வந்தா என்ன, சோளத்துல இருந்து வந்தா என்ன, ரத்தத்துக்குள்ள போனா ஏத்தத்தான் செய்யும். ஆமா, டொபிக்கு டின்பால் போட்டீங்களா?"

"போட்டேன்..."

"அதுல என்ன இருக்கு?"

எத்தன வருஷமா டின் ஒடைக்கிறேன்! அதுல சீனி இருக்குங்குறது எனக்குத் தெரியாதா? தெரியும். சோளம்னு கேட்டதும் மறந்துட்டேன்.

மருந்து கூட்டிக் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல திரும்ப வரச் சொன்னாங்க.

வெளிய வந்ததும் சேல்ஸ்மேனுக்குக் கோல் எடுத்தேன்.

"அக்கா, நான் சோளம்னுதான் சொன்னேன். சீனி வியாதிக்கு நல்லதுன்னு சொன்னேனா?"

சொல்லல. உண்மைதான். அத சொன்னது என் லேபிள்!

அதுதான் என்னைய தூங்க விடல. எங்க வீட்டுக்காரர் என் கண்ணு முன்னாடி இருக்காரு. அந்த லேபிள நம்பி வாங்குனவங்க?

அதான் இன்னிக்கு போய் கிழிச்சேன். நானா முதல்ல கோவப்பட்டாரு. "விக்கிற சாமான ஏன் கெடுக்குற?" காரணத்த சொன்னேன். பிறகு மிச்சப் பெக்கட்ட எல்லாம் அவரே அள்ளி என் பைக்குள்ள போட்டாரு.

"ரிட்டயர்டான டீச்சரம்மா ஒருத்தங்க சீனி வியாதிக்குன்னே கேட்டு வாங்குவாங்க. மேல ரோட்டுல வீடு. மத்தவங்க வந்தா நான் சொல்லிக்கிறேன்."

அந்த வீட்டுக் கதவ தட்டுனேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மிச்சம் இருந்த டொபிய கொண்டு வந்து என் கையில குடுத்தாங்க.

"வந்து சொன்னீங்களே, உள்ள வாங்க. டீ குடிக்கிறீங்களா? சீனி போடவா?"

(சிரிக்கிறதா அழுகுறதான்னே தெரியல!)

இனிமே பழையபடி சீனி டொபிதான். சின்னதாத்தான் இருக்கும். மாத்திரைன்னு சொன்னாலும் பரவால்ல.

வீட்டுக்கு வந்து அவருகிட்ட மன்னிப்பு கேட்டேன். "என் கையாலேயே உங்களுக்குக் குடுத்துட்டேனேங்க."

அவரு சட்டைய மாட்டிக்கிட்டே சொல்றாரு, "எனக்கு ரெண்டாவது நாளே சந்தேகந்தான். இவ்வளவு இனிக்குதே, எப்புடி சீனி இல்லாம இருக்கும்னு."

"பிறகு ஏங்க தின்னீங்க?!"

"நீ அவ்வளவு ஆசையா நீட்டுற. எப்புடி வேணாம்னு சொல்றது?"

இந்த மனுசன நான் என்ன செய்ய?

உங்க வீட்டுலயும் சீனி வியாதிக்காரங்க இருந்தா சொல்லுங்க: அவங்க ஆசைக்கு என்ன குடுக்குறீங்க? (டொபி இல்லாம!)