ஒட்டிப்போன விரல்களை ஆண்டவர் அசைத்தார்

ஆண்டவரில் அன்பானவர்களே, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிழை என்னுடையது, இரக்கம் அவருடையது.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். என் கணவர் தாசுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் கையால்தான் கதைக்கிறோம். போன பெப்ரவரியில் லூர்து மாதா திருநாளுக்காக எங்கள் ஒழுங்கையில் மாதா சொரூபம் வைத்திருக்கும் கண்ணாடிக் கூட்டைக் கழுவினேன். கண்ணாடி உடைந்து என் வலது உள்ளங்கையைக் கிழித்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குகிற தசைநாண்கள் அறுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். மற்றக் கையால் விரல்களைத் தினமும் மெல்ல மடக்கிவிடச் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்கோ ஒரே பயம். தைத்தது பிய்ந்துவிட்டால்? அடுத்து வந்தது விபூதிப் புதன். தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள். நான் கையை அசைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தேன்! நாற்பது நாளும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேன். கிளினிக்குக்கும் போகவில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கிளினிக்குக்குப் போய்க் கட்டைப் பிரித்தபோது விரல்கள் விறைத்துக் கிடந்தன.

"மடக்கச் சொன்னது தானே அக்கா? ஏன் செய்யேல்லை?" என்று பயிற்சி கொடுக்கும் பிள்ளை கேட்டாள்.

"நேர்த்தி வச்சிட்டேன் மிஸ்."

அவள் தன் தலையில் கை வைத்தாள். நாண் சுற்றியிருந்த சதையோடு ஒட்டிப்போயிருந்தது.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பலனில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனது. இடது கையால் நான் சொன்னது தாசுக்குப் பாதிதான் விளங்கியது. எழுதிக் காட்டலாமே என்பீர்கள். எழுதிக்கொண்டு சண்டை பிடிக்க முடியுமா? அவர் மெல்ல மெல்ல என் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் குளியலறையில் அழுதேன். கடவுளோடு கோபித்தேன். உம்முடைய தாயின் கூட்டைக் கழுவப் போனவளுக்கா இது?

செப்டம்பரில் டொக்டர் மறுபடி வெட்ட வேண்டும் என்றார். "ஒட்டினதைப் பிரிச்சு, நாணைச் சுத்தி ஒரு மெல்லிய படலம் வைப்பம். திரும்ப ஒட்டாமல் அது காக்கும். கொஞ்ச நாளில உடம்பிலேயே கரைஞ்சு போயிடும். அதுக்குள்ள நீங்க விரலை ஓட்டிப் பழக்கோணும். முரட்டுத்தனமா இழுத்தா நாண் அறும். சும்மா வச்சிருந்தா திரும்ப ஒட்டும்."

இரண்டு பக்கமும் பயம். அன்று என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, அசைக்கத் தைரியம் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே பயிற்சி தொடங்கியது. வலி உயிரை வாங்கியது. ஆறாம் நாள் மடக்கும்போது உள்ளே 'டக்' என்றது. அறுந்துவிட்டது என்று நினைத்தேன். தாஸ் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழி நெடுக அருள் நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

பயிற்சிப் பிள்ளை என் விரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்குங்கோ" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாருங்கோ அக்கா! மடங்குது!"

ஒட்டியிருந்த மிச்சம்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. நாண் அறவில்லை. நான் அந்த இடத்திலேயே விம்மி அழுதேன்.

அந்தக் கையால் தாசுக்கு முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? ஸ்தோத்திரம் இல்லை, ஏச்சு. மாதக்கணக்கில் என் கையைப் பார்க்காமல் இருந்ததற்கு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் ஒரு சொல்லும் தவறவிடாமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வடிந்தது.

நடுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. ஆண்டவருக்கு நன்றி, நாங்கள் கதைக்கிறோம். பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து நான் ஏமாந்தேன். நீங்கள் ஏமாறாதீர்கள். அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வலித்தாலும் விரலை அசையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.